கடைசல் பட்டறையிலிருந்து ஒரு கணித வகுப்பு

மத்தால் மோரைக் கடைகிறோம். உளியால் மரத்தைக் கடைகிறோம். இரண்டு வேலைக்கும் தமிழில் ஒரே சொல்தான். மின்சாரம் வருவதற்கு முன்பு கடைசல் பட்டறையில் ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பார். கயிறு சுற்றிய கட்டை, மத்தைப் போலவே முன்னும் பின்னும் சுழலும். மற்றவர் உளி பிடிப்பார். கட்டை உளியை நோக்கிச் சுழலும்போது மட்டுமே வெட்டு விழும். திரும்பிச் சுழலும்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்வார். மோட்டார் வந்த பிறகு கட்டை ஒரே திசையில் சுற்றுகிறது. சொல் மட்டும் பழைய இயக்கத்தை நினைவில் வைத்திருக்கிறது.

உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் எனக்கு, வீட்டின் பின்கட்டில் ஒரு சிறிய கடைசல் இயந்திரம் பொழுதுபோக்குக்கு இருக்கிறது. பம்பரம், சப்பாத்திக் கட்டை, கைப்பிடி, கிண்ணம் என்று கடைந்து வருகிறேன். கரும்பலகையில் நான் சொல்லித்தரும் பாதிக் கணிதம் அந்த இயந்திரத்தின் முன்னே தானாக வந்து நிற்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். அவற்றுள் வகுப்பறைக்குக் கொண்டுவரக்கூடிய மூன்று செயல்பாடுகளை இங்கே தருகிறேன். அவற்றோடு சேர்த்து நாம் பேசியே ஆகவேண்டிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாணவர் இயந்திரத்தைத் தொடவேண்டிய தேவை இவற்றுள் எதிலும் இல்லை.

நம் ஊரில் மரவேலை

புதுச்சேரியில் மரவேலைக்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டாம். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில் கீழ்த்தளம் தமிழ் முறைப்படி மரத்தூண்களால் ஆனது. மேல்தளத்தில் பிரெஞ்சு பாணிச் சுதைத் தூண்கள். ஒரே வீட்டில் இரண்டு கட்டடக் கலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. வைசியாள் வீதியின் பழைய தமிழ் வீடுகளிலும் திண்ணைத் தூண்களைத் தொட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு கட்டடம் அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதி. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த இதன் கட்டுமானம் 1937-இல் தொடங்கியது. கான்கிரீட் கட்டடமாக இருந்தாலும் அறைகளுக்குத் தேக்குப் பட்டைகளால் ஆன நகரும் கதவுகள். பட்டைகளை முன்னும் பின்னுமாக இடைவெளி விட்டு அமைத்ததால் காற்று உள்ளே வரும், பார்வை உள்ளே போகாது. பித்தளைப் பொருத்துகளைக்கூட, அன்பர்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தார்கள்.

அந்தக் கட்டுமானத்தை நேரில் கவனிக்க வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. 1905-இல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக் கலையில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். 1939 வரை புதுச்சேரியில் இருந்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். பின்னர் அமெரிக்கா திரும்பிய அவரை, உலகப்போரின்போது 1942-இல், மற்ற ஜப்பானிய வம்சாவளியினரோடு சேர்த்து ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைத்துவைத்தார்கள். அங்கே ஜென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரைச் சந்தித்தார். ஜப்பானில் முறையாகத் தொழில் கற்ற அவரிடம், கிடைத்த துண்டு மரங்களை வைத்துக்கொண்டு கைக்கருவிகளையும் இணைப்புகளையும் கற்றார். இருபதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற மரக்கலைஞர்களுள் ஒருவராக நகாஷிமா வளர்ந்தது அதன் பிறகுதான்.

பட்டம் பெற்றவர் தச்சரின் மாணவரானார் என்ற இந்தச் செய்தியை உயர்நிலை மாணவர்களுக்குச் சொல்வது நல்லது. “படிப்பு வரவில்லையா, கைவேலைக்குப் போ” என்ற நம் பேச்சுக்கு நேர் எதிரான திசை இது.

மரம் என்றால் என்ன?

தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் வகைப்படுத்துகிறது. பனையும் தென்னையும் மூங்கிலும் அக்கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்களாகவே வைக்கிறது. தென்னங்கட்டையைக் கடைந்து பார்த்தவருக்கு இது கையிலேயே தெரியும்: விளிம்பு இரும்பு போல உளியை மழுங்கடிக்கும், நடுப்பகுதி பஞ்சு போல உதிரும். வேம்பிலும் பூவரசிலும் தேக்கிலும் நிலைமை தலைகீழ். தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது.

மரத்துக்குத் திசை உண்டு என்பது அடுத்த செய்தி. நார்கள் வேரிலிருந்து கிளை நோக்கி ஓடுகின்றன. நார் ஓடும் போக்கில் இழைப்புளி வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்போக்கில் சிலும்பு எழும். பூனையின் முதுகை முன்னும் பின்னும் தடவிப் பார்த்த குழந்தைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. காயும்போதும் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் அநேகமாகச் சுருக்கம் இல்லை. நடுவிலிருந்து பட்டை நோக்கிய ஆரத் திசையில் ஓரளவு சுருங்கும். ஆண்டு வளையங்களின் திசையில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். ஈரக் கட்டையில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் சில வாரங்களில் நீள்வட்டமாவது இதனால்தான். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவதற்கும் இதுவே காரணம். பல பத்தாண்டுகள் உத்தரமாக இருந்து காய்ந்த மரம் இனி அசையாது. துளையின் அளவும் மாறாது.

செயல்பாடு 1: பிளக்கும் வட்டு (6 முதல் 9-ஆம் வகுப்பு வரை)

மழைக்காலத்தில் முறிந்து விழுந்த வேப்பங்கிளை அல்லது பூவரசங்கிளையிலிருந்து, 10 செ.மீ. விட்டமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள வட்டுகளைத் தச்சரிடம் கொடுத்து அறுத்து வாங்குங்கள். குழுவுக்கு ஒன்று. அன்றே எடை போட்டு, இரண்டு திசைகளில் விட்டத்தை அளந்து குறிக்கவேண்டும். பிறகு வாரம் ஒரு முறை, ஆறு வாரங்களுக்கு. அட்டவணையும் வரைபடமும் மாணவர் வேலை.

பெரும்பாலான வட்டுகள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் பிளக்கும். ஏன் என்று கேளுங்கள். வட்டத்தின் சுற்றளவு 2πr. ஆரம் 3 விழுக்காடு குறைந்தால் சுற்றளவும் 3 விழுக்காடு குறையவேண்டும். மரமோ வளையத் திசையில் 6 விழுக்காடு சுருங்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 3 விழுக்காட்டுக்கு இடமில்லை; வட்டு பிளந்துதான் இடம் கொடுக்கவேண்டும். 314 மி.மீ. சுற்றளவில் 3 விழுக்காடு ஏறக்குறைய 9 மி.மீ. உங்கள் வட்டில் உள்ள பிளவுகளின் அகலத்தை விளிம்பில் அளந்து கூட்டி, இந்தக் கணக்கோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எண்கள் அப்படியே பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்ற விவாதத்தில்தான் பாடம் இருக்கிறது.

விழுக்காட்டுப் பாடத்துக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. மரத்தொழிலில் ஈரப்பதத்தைக் காய்ந்த எடையை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். 150 கிராம் கட்டை முழுதும் காய்ந்து 120 கிராம் ஆனால், இழந்த நீர் 30 கிராம். ஈரப்பதம் 30-ஐ 120-ஆல் வகுக்க 25 விழுக்காடு. 210 கிராம் கட்டை 100 கிராம் ஆனால் ஈரப்பதம் 110 விழுக்காடு! “நூறுக்கு மேல் எப்படி?” என்று வகுப்பு கேட்கும். எதன் அடிப்படையில் விழுக்காடு என்ற கேள்வியை மாணவர் தாங்களே எழுப்பும் அரிய தருணம் அது. நிழலில் உலர்த்தினால் முழு ஈரமும் போகாது, காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வரும்வரைதான் காயும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவுகள் சட்டத்தில் இறுகிக்கொள்வதும் இதே கணக்குதான்.

சதுரத்திலிருந்து வட்டம்

கடைசலுக்கு வரும் கட்டை பெரும்பாலும் சதுரமாகவே இருக்கும். அப்படியே இயந்திரத்தில் ஏற்றினால் நான்கு மூலைகளும் உளியை அடித்துக்கொண்டே இருக்கும். எனவே முதலில் மூலைகளைச் சீவி எண்கோணமாக்கிக்கொள்வது வழக்கம். சரியான எண்கோணத்தைக் குறிக்கத் தச்சர்கள் வாய்பாடு பார்ப்பதில்லை, கவராயம் போதும்.

செயல்பாடு 2: கவராயத்தால் எண்கோணம் (8 முதல் 10-ஆம் வகுப்பு வரை)

அட்டையில் 5 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரைந்து மூலைவிட்டங்களைப் போடவேண்டும். கவராயத்தின் முள்ளை ஒரு மூலையில் வைத்து, சதுரத்தின் மையம்வரை விரிக்கவேண்டும். அதே அளவில், அம்மூலையில் சேரும் இரு பக்கங்களையும் வெட்டவேண்டும். நான்கு மூலைகளிலும் இப்படிச் செய்தால் எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைச் சேர்த்தால் ஒழுங்கு எண்கோணம்.

ஏன் இது சரியாக வருகிறது? மூலைவிட்டத்தின் பாதி 5√2/2, அதாவது 3.54 செ.மீ. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் எதிர்மூலையிலிருந்து 1.46 செ.மீ. தொலைவில் விழும். நடுவில் எஞ்சுவது 5 − 2.93 = 2.07 செ.மீ. வெட்டிய மூலையின் சாய்பக்கம் 1.46 × √2, அதுவும் 2.07 செ.மீ. எட்டுப் பக்கங்களும் சமம். நிறுவுவது மாணவர் பொறுப்பு.

பரப்புகளையும் பார்க்கலாம். சதுரம் 25 ச.செ.மீ.; எண்கோணம் 20.7, உள்ளே அடங்கும் வட்டம் 19.6. வட்டமாக்க நீக்கவேண்டிய 5.4 ச.செ.மீ. பரப்பில் 4.3-ஐ ரம்பமும் இழைப்புளியுமே எடுத்துவிடுகின்றன. கடைசல் உளிக்கு மிஞ்சுவது 1.1 மட்டும். தச்சர்கள் ஏன் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இந்த எண்களே விடை.

வட்டமான கட்டையின் மையம் காண்பதற்கும் தச்சரிடம் ஒரு வழி உண்டு. மூலைமட்டத்தின் செங்கோணத்தை விளிம்பில் ஒரு புள்ளியில் வைத்தால், அதன் இரு கைகளும் விளிம்பை வெட்டும் இடங்களைச் சேர்க்கும் கோடு விட்டம். வேறொரு புள்ளியிலும் இப்படியே செய்தால் இரண்டு விட்டங்கள் வெட்டும் இடம் மையம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றம்தான் இது. தொடக்க வகுப்பில் இதற்குப் பதில் காகித வட்டத்தை இரண்டு முறை மடித்து மையம் காணலாம். அந்த மையத்தில் தீக்குச்சி செருகிப் பம்பரமாகச் சுழற்றிவிட்டு, பிறகு வேண்டுமென்றே 2 மி.மீ. தள்ளிச் செருகிப் பாருங்கள். தள்ளாடும் பம்பரத்துக்குச் சிவப்பு மையில் திருத்தம் போடவேண்டியதில்லை.

கருவிகளும் வேகமும்

வீட்டில் தொடங்க விரும்பும் ஆசிரியருக்கு: மூலைமட்டம், கவராயம், எஃகு அளவுகோல், ஒரு ரம்பம், ஒரு சிறிய இழைப்புளி, அரை அங்குல உளியும் ஓரங்குல உளியும், கொட்டாப்புளி, சாணைக்கல், உப்புத்தாள், மேசையில் கட்டையை இறுகப் பிடிக்கும் ஒரு பிடிப்பான். கடைசல் இயந்திரத்தைப் பிறகு வாங்கலாம். முதலில் பழகவேண்டியது சாணை பிடிப்பது. சாதாரண உளியின் வாய் 25 முதல் 30 பாகைச் சரிவில் இருக்கவேண்டும். கோணம் குறைந்தால் கூர்மை கூடும், ஆனால் வாய் எளிதில் உடையும். மழுங்கிய உளியே ஆபத்தானது. அதிக அழுத்தம் கொடுக்க வைத்து, கட்டுப்பாட்டை இழக்கச் செய்யும்.

தச்சுவேலையில் மரம் நிற்க, கருவி நகரும். கடைசலில் மரம் சுழல, கருவி நிற்கும். உளியைத் தாங்கியின்மேல் அழுத்தி வைத்து, அதன் சரிவு முகம் முதலில் மரத்தில் உரசும்படி பிடித்து, கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் வெட்டு தொடங்கும். பருத்த பகுதியிலிருந்து சிறுத்த பகுதியை நோக்கியே உளி நகரவேண்டும். அப்போது நார்கள் ஒன்றையொன்று தாங்கும். எதிர்த்திசையில் போனால் பிய்ந்துவரும்.

செயல்பாடு 3: விளிம்பு என்ன வேகத்தில் ஓடுகிறது? (9, 10-ஆம் வகுப்புகள்)

நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் இயந்திரத்தில் 5 செ.மீ. விட்டமுள்ள கட்டை இருக்கிறது. ஒரு சுற்றில் விளிம்பு கடக்கும் தொலைவு 15.7 செ.மீ. நிமிடத்துக்கு 236 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 14 கி.மீ., மிதிவண்டியின் வேகம். அதே சுழற்சியில் 20 செ.மீ. கிண்ணத்தை ஏற்றினால்? மணிக்கு ஏறக்குறைய 57 கி.மீ. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்தின் வேகத்தில் ஒரு மரக்கட்டை உங்கள் முகத்தெதிரே ஓடுகிறது. கட்டை பெரிதானால் சுழற்சியைக் குறைக்கவேண்டும் என்ற பட்டறை விதியை மாணவர் இந்தக் கணக்கிலிருந்து தாங்களே எழுதுவார்கள்.

உராய்வின் வெப்பத்துக்கும் இங்கே எடுத்துக்காட்டு உண்டு. அம்பாசமுத்திரத்தின் சொப்புச் சாமான்களும், கர்நாடகத்தின் சென்னபட்டணம், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகா பொம்மைகளும் கடைசல் வேலைகளே. வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் பொம்மையின்மேல் அழுத்தினால் உராய்வில் பிறக்கும் சூடே அரக்கை உருக்கி மேலே படியவைக்கிறது. சென்னபட்டணத்தில் பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அடுப்பும் இல்லை, தூரிகையும் இல்லை. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடு காணும் தொடக்க வகுப்புச் சோதனையோடு இதை இணைக்கலாம்.

பாதுகாப்பு

பட்டறையைப் பார்க்க மாணவரை அழைத்துச் செல்லும்போது இவற்றை முன்னரே சொல்லிவிடவேண்டும். இயந்திரம் ஓடும்போது இரண்டு மீட்டர் தள்ளி, கட்டை தெறிக்கக்கூடிய நேர்க்கோட்டை விட்டு விலகி நிற்பது. துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, தொங்கும் பின்னல், கழுத்து அட்டைக் கயிறு எதுவும் கூடாது. சுழலும் இயந்திரத்தருகே கையுறை அணியக்கூடாது. அது கையையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடி, முகக்கவசம் இரண்டும் வேண்டும். மரத்தூளை உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தச்சர்களுக்கும் இதைச் சொல்வோம். மாணவர்களோடு அவர்களுக்கும் ஒரு முகக்கவசம் கொண்டுபோவோம்.

யாருக்கு இந்த வகுப்பு?

கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவரும் பேச்சை எடுத்தாலே நம் பக்கத்தில் ஒரு தயக்கம் எழும். அது நியாயமான தயக்கம். 1953-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் குறைந்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள் என்றார்கள். ‘குலக்கல்வி’ என்று அதை மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆனாலும் அந்த நினைவு நமக்கும் உரியதுதான்.

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டு வகுப்புகள்வரையான காலத்தில் பத்து நாள் பையில்லா நாள்களாக அமைத்து, தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் மாணவர் கற்கலாம் என்கிறது. அந்த நாள்கள் எந்தத் திசையில் போகும் என்பது வகுப்பறையில் நாம் சொல்லும் ஒரு வாக்கியத்தைப் பொறுத்தது. ஒரு பள்ளியில் நான் பார்த்தேன்: மரப்பொருள் செய்யும் நாளில் ஆசிரியர் ஒருவர் பாராட்டும் எண்ணத்தோடுதான், “உங்க அப்பா தச்சர்தானே, நீ வந்து செய்துகாட்டு” என்றார். எட்டாம் வகுப்பு மாணவன் எழுந்து வந்தான், தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்திலிருந்த மற்ற மாணவர்களும் அதை அவனுடைய வேலை என்று எடுத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே வாக்கியத்தில் அவன் கற்பதும் நின்றது, அவர்கள் கற்பதும் நின்றது.

இதைத் தவிர்க்க நான் கடைப்பிடிக்கும் நான்கு வழிகள்:

குழுக்களைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்பேன். அளப்பவர், குறிப்பவர், தேய்ப்பவர், கணக்கு எழுதுபவர், தரையைப் பெருக்குபவர் என்ற பொறுப்புகள் எல்லாருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், முறைவைத்துச் சுழலும்.

பெற்றோரின் தொழிலை வகுப்பில் கேட்கமாட்டேன். மாணவர் தாமாகச் சொன்னால் அது அவர் விருப்பம்.

தச்சர் ஒருவரை வகுப்புக்கு அழைத்தால் சிறப்பு விருந்தினர் என்றே அறிவிப்பேன். தலைமையாசிரியர் அறையில் அவருக்கு நாற்காலியும் தேநீரும் உண்டு. நாள்கூலியை ஈடுகட்டும் மதிப்பூதியத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்வேன். மாணவர் அவரை “ஐயா” என்றே அழைப்பார்கள்.

மரவேலை நேரம் கணித, அறிவியல் பாடவேளைக்குள்ளேயே நடக்கும். அதற்காக யாருடைய படிப்பு நேரமும் குறையாது. ‘மெல்லக் கற்போர்’ என்று சிலரை மட்டும் அதற்கு அனுப்புவதும் கிடையாது.

மதிப்பீடு

செய்த பொருளின் அழகுக்கு மதிப்பெண் கொடுக்கவேண்டாம். வீட்டில் கருவி இருக்கும் பிள்ளைக்கே அது சாதகமாக முடியும். மூன்றைப் பாருங்கள்: அளவை இரண்டு முறை எடுத்துப் பதிவு செய்தார்களா? எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை எழுதினார்களா? அதற்கு ஒரு காரணம் சொல்ல முயன்றார்களா? பத்து மதிப்பெண்ணில் இவற்றுக்கு முறையே மூன்று, மூன்று, நான்கு.

செலவு என்று பார்த்தால் முதல் இரண்டு செயல்பாடுகளுக்கு முறிந்த கிளை ஒன்று, அட்டை, கவராயம், பள்ளி ஆய்வகத்தின் தராசு போதும். வடகிழக்குப் பருவமழைக் காலம் முதல் செயல்பாட்டுக்கு ஏற்றது. கிளைகளும் கிடைக்கும், ஈரமும் இருக்கும். வட்டுகளை அறுத்து வாங்கும் நாளிலேயே முதல் எடையை எடுத்துவிடுங்கள். ஓரிரு நாள் தள்ளிப்போனாலும் மரம் காயத் தொடங்கிவிடும். வரைபடத்தின் முதல் புள்ளி கிடைக்காது.